அட்டன் தொகுதியின் அமைச்சர்: பெரி சுந்தரமும் அவர் காலத்துச் சட்டங்களும்

இலங்கையில் அமைச்சர் என்றொரு பதவி உண்டானது 1931இல். டொனமூர் யாப்பின்படி அமைந்த முதல் அமைச்சர் சபையில் தேர்தல் வழியாக வந்தவர்கள் ஏழு பேர். டி. பி. ஜயதிலகவுக்கு உள்நாட்டு விவகாரம், டி. எஸ். சேனநாயக்கவுக்கு விவசாயமும் காணியும், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவுக்குக் கல்வி, பாணபொக்கவுக்குச் சுகாதாரம், பட்டுவந்துடாவவுக்கு உள்ளூராட்சி, மாக்கான் மாக்காருக்குப் போக்குவரத்தும் பொதுவேலைகளும். தொழில், கைத்தொழில், வர்த்தகம் என்ற மூன்றையும் சேர்த்து ஏழாமவர் கையில் கொடுத்தார்கள். அவர் அட்டன் தொகுதியின் உறுப்பினர் பெரியண்ணன் சுந்தரம். ஊர் அவரைப் பெரி சுந்தரம் என்றே அழைத்தது. கங்காணிக் குடும்பத்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்துப் பாரிஸ்டரானவர். ஏழு பேரில் தமிழர் அவர் ஒருவர்தான்.

இது எப்படி நேர்ந்தது என்று கேட்டால் பாதிப் பதில் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. முழுச் சுயராச்சியம் தராத யாப்பு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அறிவித்ததால், 1931 தேர்தலை வடக்கின் நான்கு தொகுதிகள் பகிஷ்கரித்தன. 1934 வரை அந்த நான்கு ஆசனங்களும் காலியாகவே கிடந்தன. தமிழர் அரசியலின் பெருந்தூணான பொன்னம்பலம் இராமநாதன் 1930இன் இறுதியில் காலமாகிவிட்டார். ஆகவே கொழும்பும் யாழ்ப்பாணமும் அதுவரை தமக்கே உரியதென்று நினைத்திருந்த தமிழ்ப் பிரதிநிதித்துவத்தின் மேலிடத்தில், ‘தோட்டக்காட்டான்’ என்று அவர்கள் ஏளனமாகச் சொல்லும் சமூகத்திலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்தார். இலங்கைத் தமிழர் அரசியல் வரலாறுகள் இந்தச் செய்தியை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. மலையக வரலாறு எழுதியவர்களும் பெரிதாக நின்று பார்க்கவில்லை. அவர்கள் கண் கோ. நடேசய்யர் மீதும் சௌமியமூர்த்தி தொண்டமான் மீதும் இருந்தது. மேடையில் முழங்கியவரும் சங்கம் கட்டியவரும் நினைவில் நிற்பார்கள். சட்ட மூலத்தின் உட்பிரிவுகளோடு மல்லுக்கட்டியவர் யாருக்கு நினைவிருக்கப் போகிறார்?

பெரி சுந்தரம் பிறந்தது 1890இல். கோப்பி அழிந்து மலையெல்லாம் தேயிலை ஏறிக்கொண்டிருந்த காலம். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பது இருந்தால் ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும்; பல தோட்டங்களில் அதுவும் இல்லை. பெரிய கங்காணிமார் நிலை வேறு. ஆட்களைத் தமிழகத்திலிருந்து திரட்டி வந்தவர்கள் அவர்கள். தங்கள் பட்டியலில் உள்ள ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வாங்கினார்கள். கடைக்கணக்கும் கடன்கணக்கும் அவர்கள் கையில் இருந்தன. அந்தக் காசில் சிலர் ஊரில் நிலம் வாங்கினார்கள், சிலர் கோயில் கட்டினார்கள். மிகச் சிலர் மகனைக் கண்டிக்கு அனுப்பி இங்கிலீஷ் படிக்க வைத்தார்கள். பெரி சுந்தரம் படித்தது கண்டித் திரித்துவக் கல்லூரியில். அங்கிருந்து கேம்பிரிட்ஜ், பிறகு பாரிஸ்டர் பட்டம். தோட்டப்புறத்துச் சமூகத்திலிருந்து அந்தப் பாதையில் போனவர்களில் அவர் முன்னோடி.

திரும்பி வந்த பாரிஸ்டருக்குக் கொழும்பில் வசதியான வாழ்க்கை காத்திருந்தது. காணி வழக்கும் செட்டியார்களின் கடன் வழக்கும் நிறைந்த ஊர். அவர் சேர்ந்த இடமோ பொன்னம்பலம் அருணாசலத்தின் பக்கம். அருணாசலமும் சட்டம் படித்து அரச உத்தியோகம் பார்த்தவர். 1875இல் போட்டிப் பரீட்சை எழுதி இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர். நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் பதிவாளர் நாயகமாகவும் இருந்து, 1901 குடிசன மதிப்பீட்டை நடத்தி, 1913இல் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின்னரே அவர் பொதுவாழ்வு சூடுபிடித்தது. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். அதே ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் செயலாளர் பெரி சுந்தரம். மறு ஆண்டு அது தொழிலாளர் சம்மேளனமாக விரிந்தது. காங்கிரஸ் தலைவராக அருணாசலத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்தச் சங்கத்தை ஓர் அடிக்குறிப்பாகவே வைத்திருக்கிறார்கள். என் பார்வையில் அவர் செய்த வேலைகளில் உடனடியாகப் பலன் கொடுத்தது இதுதான்.

அந்தச் சங்கம் எதை எதிர்த்தது என்பதை நின்று பார்க்க வேண்டும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தொழிலாளி சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது ஒப்பந்த மீறல் மட்டுமல்ல, குற்றம். பொலிஸ் பிடிக்கும், நீதவான் விசாரிப்பார், மூன்று மாதம் வரை சிறை கிடைக்கும். தோட்டத்தை நடத்தும் துரை சம்பளம் கொடுக்காமல் இழுத்தடித்தால் அது சிவில் விவகாரம். ஒரே ஒப்பந்தத்தில் ஒரு கட்சிக்குச் சிறை, மறு கட்சிக்கு நினைவூட்டல் கடிதம். சட்டம் படித்த எவர் கண்ணையும் இது உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நீதிமன்றங்கள் ஐம்பது ஆண்டுக்கு மேல் அதை நெருடலில்லாமல் நடத்தி வந்தன.

சிறையைவிட வலுவான கட்டு ஒன்றும் இருந்தது. அதன் பெயர் துண்டு. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரை ஒரு காகிதத் துண்டு எழுதிக் கொடுப்பார்: இன்ன கங்காணி, இத்தனை ஆள், இவ்வளவு கடன், இந்தத் தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன். கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துத் துரையிடம் போவார். ஆள் பற்றாக்குறை உள்ளவர் தொகையைக் கட்டி மொத்தக் கூட்டத்தையும் எடுத்துக்கொள்வார். கட்டிய தொகை மறுபடி அந்த ஆட்களின் கடனாகவே எழுதப்படும். கங்காணிக்குக் கையில் கொஞ்சம் மிஞ்சும். ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் ஏறும், இறங்காது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தன் பெயரில் எவ்வளவு கடன் நிற்கிறது என்று தெரியாது. தெரிந்தாலும் வாசிக்கத் தெரியாது. மனிதர்களை விற்கவில்லை, கடனைத்தான் கைமாற்றினோம் என்று துரைமார் சங்கத்துக்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம். லயத்தில் இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் விளங்கியிருக்காது.

1917இல் சென்னை அரசு அதிகாரி மார்ஜோரிபாங்க்ஸும் அகமது தம்பி மரைக்காயரும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போன தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். இந்தியாவில் ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிரான குரல் உச்சத்தில் இருந்த நேரம் அது. ஆள் வரத்து நின்றுவிடுமோ என்ற பயம் கொழும்புக்கும் தோட்டங்களுக்கும் இருந்தது. அருணாசலமும் பெரி சுந்தரமும் தொடர்ந்து மனு எழுதிய காலமும் இதுவே. 1921இல் துண்டு முறை சட்டத்தால் தடை செய்யப்பட்டது. தோட்டத்தை விட்டுப் போவதற்குச் சிறை என்பதும் அதே சமயத்தில் போயிற்று. இந்த வெற்றியில் எவ்வளவு பங்கு கொழும்புச் சங்கத்துக்கு, எவ்வளவு இந்திய அரசின் நெருக்குதலுக்கு என்று பிரித்துக் கொடுப்பது கடினம். இந்திய அரசின் பங்கே பெரிது என்று எனக்குப் படுகிறது. 1922இல் இந்தியா குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்ததையும், 1923 முதல் இந்திய அரசின் ஏஜெண்ட் கண்டியில் உட்கார்ந்ததையும் பார்த்தால், கயிற்றை இழுத்த கை எங்கிருந்தது என்பது விளங்கும். ஆனால் தலைக்காசில் படித்த ஒரு கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை, கங்காணிகளின் கையிலிருந்த மிகப் பெரிய ஆயுதத்தைப் பிடுங்கும் வேலைக்குச் செயலாளராக இருந்தார் என்பதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

அருணாசலம் 1924 ஜனவரியில் மதுரைக்கு யாத்திரை போன இடத்தில் காலமானார். அதற்கு முன்பே தோட்டத் தொழிலாளர் அரசியலில் வேறொரு ஆள் வந்துவிட்டார். தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர், பத்திரிகையாளர். தோட்டத்துக்குள் அன்னியர் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குப் போய் நிலைமையைப் பார்த்து வந்தார் என்று சொல்லுவார்கள். 1931இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர் மனைவி மீனாட்சி அம்மை பாட்டு எழுதித் தானே பாடிக் கூட்டம் சேர்த்தார். அட்டன் என்ற சின்ன ரயிலடி ஊர் ஒரே ஆண்டில் இரண்டு விதமான அரசியலுக்கு இடமானது. சங்கம் வைத்துத் தெருவில் பாடுகிற அரசியல் ஒன்று. அரசாங்க சபையில் உட்கார்ந்து சட்டம் செய்கிற அரசியல் இன்னொன்று.

1931 தேர்தலுக்கே ஒரு முள்வேலி இருந்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்று டொனமூர் ஆணைக்குழு சொல்லிவிட்டது. உடனே, தோட்டத்து இந்தியருக்கும் அது உண்டா என்ற கேள்வி எழுந்து சட்டநிரூபண சபை கொதித்தது. கடைசியில் ஆளுநர் ஸ்டான்லி வழி ஒன்று கண்டார். இலங்கையையே நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று நிறுவ வேண்டும். அல்லது படிப்பு, சொத்துத் தகுதி வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் ஐந்தாண்டு வசித்து நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். தோட்டங்களில் அப்போது சுமார் ஏழு லட்சம் இந்தியர் இருந்தார்கள். வாக்காளர் இடாப்பில் ஏறியவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தால்தான் அட்டனும் தலவாக்கலையும் மலையகத் தமிழரைச் சபைக்கு அனுப்பும் தொகுதிகளாயின. அட்டனில் பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவானார், தலவாக்கலையில் எஸ். பி. வைத்திலிங்கம்.

டொனமூர் முறையில் அமைச்சர் என்றால் இன்று நாம் நினைக்கிற அமைச்சர் இல்லை. சபை உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிவார்கள். ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிந்தெடுக்கும், அவரே அமைச்சர். முடிவெடுப்பது குழு. அமைச்சர் விரும்பினாலும் குழு மறுத்தால் காரியம் நடக்காது. நிதி, சட்டம், பாதுகாப்பு மூன்றும் வெள்ளைக்கார அதிகாரிகள் வசம். ஆளுநருக்கு மேலதிகாரம். குழு உறுப்பினர்களின் வாக்கால் தலைவரானவர், ஒவ்வொரு பிரேரணைக்கும் அவர்களைச் சமாதானப்படுத்தியாக வேண்டும். பெரி சுந்தரத்துக்கு இருந்த அதிகாரத்தை அளக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. நடேசய்யர் பக்கத்திலிருந்து எழுதியவர்கள் இதை மறந்தே அவரைத் திட்டினார்கள்.

அந்த ஐந்தாண்டுகளில் வந்த சட்டங்களில் இரண்டு முக்கியமானவை. முதலாவது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையில் ரோலரில் கை அகப்பட்டுப் போவதும், பட்டியில் சேலை சிக்குவதும், மழையில் ஊறிய சரிவில் கூடையோடு உருண்டு கால் முறிவதும் தோட்டத்தில் புதிதல்ல. இந்தச் சட்டத்துக்கு முன் அப்படி முடமானவருக்குத் துரை மனமிரங்கிக் கொடுப்பதே கணக்கு. வழக்குப் போடலாம், ஆனால் துரையின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று நிரூபிக்க வேண்டும். லயத்து ஆள் எந்தப் புரொக்டரைப் பிடித்து எந்தக் காசில் நிரூபிப்பார்? புதிய சட்டம் அந்தக் கேள்வியையே தூக்கி எறிந்தது. யார் தவறு என்று தேடத் தேவையில்லை. வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் விபத்து நேர்ந்ததா? அப்படியென்றால் முதலாளி நட்டஈடு கட்ட வேண்டும். எந்த உறுப்புப் போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போனது என்று ஓர் அட்டவணை; சம்பளத்தோடு அதைப் பெருக்கினால் தொகை.

அந்தச் சட்டத்தில் ஓர் ஏற்பாட்டை மட்டும் தனியாகக் குறிப்பிடுகிறேன். தொழிலாளி இறந்துபோனால் முதலாளி நட்டஈட்டைக் குடும்பத்தின் கையில் நேரே கொடுக்கக் கூடாது. நட்டஈட்டு ஆணையாளரிடம் கட்ட வேண்டும். அவர் விசாரித்து, தங்கி வாழ்ந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஆணையாளரைத் தாண்டிக் கொடுத்த காசு நட்டஈடாகக் கணக்கில் ஏறாது. 1923ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. வரைவு அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் மலையகத்தில் அதன் பொருள் வேறு கனத்தில் விழுந்தது. தோட்டத்தில் காசு எந்த வழியில் வந்தாலும் கங்காணியின் கையைத் தொட்டே வரும். பழைய கடன், கடைக்கணக்கு, தலைக்காசு என்று பாதி அங்கேயே தங்கிவிடும். செத்தவரின் பெண்சாதிக்குப் போக வேண்டிய தொகை அந்தக் கையைத் தொடாமல் போக ஒரு வழி திறந்தது. கங்காணி வீட்டில் வளர்ந்தவருக்கு இதன் அருமை தெரியாமல் இருந்திருக்காது என்பது என் ஊகம்.

இரண்டாவது, 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம். இதற்கான உந்துதல் லண்டனிலிருந்து வந்தது. தொழிற்கட்சி அரசின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் பாஸ்ஃபீல்ட் பிரபு, அதாவது ஃபேபியன் சிட்னி வெப், 1930இல் எல்லாக் குடியேற்ற நாடுகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார்: தொழிற்சங்கங்களைச் சட்டபூர்வமாக அங்கீகரியுங்கள், கூடவே பதிவையும் கட்டாயமாக்குங்கள். அணைத்துக்கொண்டே கடிவாளம் போடும் யோசனை. இலங்கைச் சட்டம் அதே அச்சில் வார்க்கப்பட்டது. ஏழு பேர் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் சங்கம் பதிவாகும். பதிவானால் வேலைநிறுத்தம் செய்ததற்காகச் சிவில் வழக்குப் போட முடியாது. ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். இன்றும் அந்தச் சட்டம்தான் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கிறது. அட்டனிலும் நுவரெலியாவிலும் தெருவுக்கு இரண்டு சங்க அலுவலகம் இருப்பதற்கு அந்த ஏழு கையெழுத்தும் ஒரு காரணம். தலைவரோடு கோபித்துக்கொண்டு வெளியே வந்தவருக்குப் புதிய சங்கம் தொடங்க வேண்டியது ஆறு நண்பர்கள் மட்டுமே.

சட்டம் சொல்லாமல் விட்டது இன்னும் பெரிது. சங்கம் வைக்கலாம், சங்கக்காரர் தோட்டத்துக்குள் வரலாமா? அதைப்பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. தோட்டம் துரையின் தனிச்சொத்து. லயமும் அதற்குள்ளே இருக்கிறது. துரையின் அனுமதியின்றி வருகிறவர் மீது தண்டனைக் கோவையின்படி அத்துமீறல் வழக்குப் போடலாம். தொழிலாளி வாழும் வீட்டுக்கு, அந்தத் தொழிலாளி அழைத்தும், அவருடைய சங்கச் செயலாளர் போக முடியாத நிலை. பாரிஸ்டரான அமைச்சருக்கு இந்த ஓட்டை தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அந்தக் குழுவிலும் சபையிலும் தோட்ட முதலாளிகளின் குரல் எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதை நினைத்தால், அதை அடைக்க முயன்றிருந்தால் மொத்த மசோதாவும் கவிழ்ந்திருக்கும் என்று அவர் தரப்பில் வாதிடலாம். அந்த வாதத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். முயன்று தோற்றிருந்தால் குறைந்தது பதிவேட்டிலாவது இருந்திருக்கும். அந்த ஓட்டையை அடைக்கும் சட்டம் வந்தது 1970இல், தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குள் நுழைவதற்கான 25ஆம் இலக்கச் சட்டமாக. இடையில் முப்பத்தைந்து ஆண்டுகள்.

அவர் பெயருக்கு விழுந்த பெரிய அடி சம்பளக் குறைப்பு. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டத்தின்படி, 1929 தொடக்கத்திலிருந்து உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம் என்று நிர்ணயித்திருந்தார்கள். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. உலகப் பொருளாதார மந்தம் வந்து தேயிலையும் ரப்பரும் விலை விழுந்தன. 1932, 1933 ஆண்டுகளில் அந்தக் குறைந்தபட்சமும் வெட்டப்பட்டது. பல தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தலைமன்னார் வழியே இந்தியாவுக்குத் திரும்பின. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் சம்பளக் குறைப்பை எதிர்த்துத் தோட்டந்தோட்டமாகப் பேசினார்கள், பாடினார்கள். வெட்டு நடந்தது பெரி சுந்தரத்தின் துறைக்குள். முடிவெடுத்தது குழுவா, சம்பளச் சபையா, ஆளுநரா என்பதையெல்லாம் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்றவர் கேட்கப் போவதில்லை. ‘நம்ம ஆள்’ அமைச்சராயிருக்கும்போது பேர்ச்சம்பளம் என்ற நாட்கூலி குறைந்தது, அவ்வளவுதான்.

ஆக, 1936 தேர்தலில் அட்டன் தொகுதி நடேசய்யர் கைக்குப் போனதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் அமைச்சர் சபையில் நடந்தது. குழுக்களின் சேர்க்கையைக் கணக்குப் போட்டு அமைத்தால் ஏழு தலைமையையும் ஒரே இனத்தவர் பெற முடியும் என்று கண்டுகொண்டார்கள். கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் கணக்குப் போட்டுக் கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பிற்காலத்தில் அவர் தமிழ் ஈழம் கேட்டவர் என்பது இந்தக் கதைக்கு ஒரு கசப்பான சுவை தருகிறது. எப்படியோ, 1936இல் அமைந்தது தனிச் சிங்கள அமைச்சர் சபை. தொழில் துறை ஜி. சி. எஸ். கொரயாவிடம் போயிற்று. மகப்பேற்று நலன் சட்டம் 1939இலும் சம்பளச் சபைகள் சட்டம் 1941இலும் வந்தன. 1934இலும் 1935இலும் போட்ட அடித்தளத்தின் மேல்தான் அவை எழுந்தன. மலையகத்திலிருந்து இன்னொருவர் அமைச்சராக 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அவர் தொண்டமான்.

பதவி போன பின் பெரி சுந்தரம் ஒதுங்கவில்லை. 1939 ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தார். அரசாங்க நாட்கூலி இந்தியரை வேலையிலிருந்து அனுப்புவதை எதிர்த்துச் சமரசம் பேச வந்தவர், சிதறிக் கிடந்த இந்தியர் அமைப்புகளை ஒன்றாக்கிவிட்டுப் போனார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. அதன் முதல் மாநாடு 1940 செப்டம்பரில் கம்பளையில் கூடியபோது தலைவராக இருந்தவர் பெரி சுந்தரம். அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்து, பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்திருந்தார். இடதுசாரிகளான சமசமாஜிகள் தோட்டங்களில் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தார்கள். காங்கிரஸும் தன் தொழிற்சங்கக் கிளையைத் தொடங்க வேண்டியதாயிற்று. இளைஞர்களான அஸீஸும் தொண்டமானும் அந்தக் கிளையில் வளர்ந்தார்கள். பாரிஸ்டரின் காலம் முடிந்து சங்கத் தலைவர்களின் காலம் தொடங்கியது. அந்த மாற்றம் நடந்த இடம் கம்பளை என்று வைத்துக்கொண்டால் பிழையில்லை.

டொனமூர் யாப்பின் இடத்தில் சோல்பரி யாப்பு வந்தது. 1947 தேர்தலில் இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது: நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், பதுளையில் சுப்பையா, அலுத்நுவரவில் இராமானுஜம். மேல்சபையான செனட்டில் பெரி சுந்தரம் உறுப்பினரானார்; பின் அதன் துணைத் தலைவருமானார். மேலே மரியாதையான நாற்காலி, கீழே ஏழு உறுப்பினர்கள். மலையகம் சட்டமன்றத்தில் அதற்குமுன் இவ்வளவு பலமாக இருந்ததில்லை.

அந்தப் பாராளுமன்றமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத லயங்களில் எதைக் காட்டுவது? 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கான சட்டம் வந்தது. அதே ஆண்டில் வாக்காளராக இருக்கப் பிரஜையாக இருக்க வேண்டும் என்று தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சட்டத்தை நம்பியவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தவர் மீது மற்றவர்க்கில்லாத தடையைச் சுமத்தும் சட்டம் செல்லாது என்று சொல்லியிருந்தது. கோடாகன் பிள்ளை என்பவரின் வழக்கு பிரிவி கவுன்சில் வரை போயிற்று. அவருக்காக வாதாடியவர் புகழ்பெற்ற இடதுசாரி வழக்கறிஞர் டி. என். பிரிட். 1953இல் தீர்ப்பு வந்தது: தன் பிரஜைகள் யார் என்று வரையறுப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரம், இந்தச் சட்டம் எந்த இனத்தின் பெயரையும் சொல்லவில்லை, ஆகவே செல்லும். பெயரைச் சொல்லாமலே ஒரு சமூகத்தை வெளியே நிறுத்தும் கலை பிரிவி கவுன்சிலின் கண்ணுக்குத் தென்படவில்லை, அல்லது தென்பட்டும் போதுமானதாகப் படவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பேருக்கு. மிச்சப்பேரை 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டார்கள்.

அதைப் பார்க்கப் பெரி சுந்தரம் இல்லை, 1957இல் காலமானார். அவர் காலத்தில் மலையகத் தமிழருக்கு நேர்ந்ததை ஒரு சட்டப் புத்தகத்தின் இரண்டு அத்தியாயங்களாகப் பார்க்கலாம். ஒன்றில் அவர்கள் தொழிலாளிகள்: கை போனால் நட்டஈடு உண்டு, சங்கம் வைக்கலாம், சம்பளத்துக்குக் கீழெல்லை உண்டு. மற்றதில் அவர்கள் யாருமில்லை. 1949க்குப் பிறகும் நட்டஈட்டுச் சட்டம் நாடற்றவருக்கும் செல்லுபடியானது. ரோலரில் விரல் போன தொழிலாளியிடம் நட்டஈட்டு ஆணையாளர் பிரஜாவுரிமைச் சான்றிதழ் கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. முதல் அத்தியாயத்தை எழுதிய கைகளில் அவர் கையும் ஒன்று. இரண்டாவதை நிறுத்த அவருடைய நாற்காலி போதவில்லை. தொழிலாளர் உரிமையைக் கொடுப்பதில் தோட்டத்துக்கு இலாபம் குறையும், அதிகாரம் கைமாறாது. வாக்குரிமையில் அதிகாரமே கைமாறும்; ஏழு தொகுதிகளைப் பார்த்துக் கொழும்பு பயந்தது அதனால்தான்.

அவரைப் பற்றி யாராவது முழுதாக எழுத முன்வந்தால் தொடங்க வேண்டிய இடம் 1931 முதல் 1935 வரையிலான அரசாங்க சபை விவாதப் பதிவுகளும், தொழில் திணைக்களத்தின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளும். கொழும்பு தேசிய சுவடிக்கூடத்தில் அவற்றைப் பார்க்கலாம். முதலில் தேட வேண்டியது தொழிற்சங்க மசோதாவின் குழுநிலை விவாதம்: தோட்டத்துக்குள் நுழையும் உரிமை பற்றி யாராவது வாய் திறந்தார்களா, திறந்திருந்தால் அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று.